சுடச் சொன்னவர் யார்? கடற்கரையிலிருந்து ஒரு கேள்வி

கீழக்கரை_வாசகி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் சலாம், வணக்கம். வெகுநாளாக நெஞ்சில் கிடந்து உறுத்துவதை எழுதுகிறேன்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) தேட 20 சோதனைக் கிணறுகள் தோண்ட 2025இல் சுற்றுச்சூழல் அனுமதி வந்ததும், எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்த அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசே சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாள்களில் ஒரு மாலை, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் தெருமுனைக் கூட்டத்துக்குப் போகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். நான் வாசற்கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். "தூத்துக்குடியை மறந்துவிட்டாயா?" என்று மட்டும் கேட்டேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அந்தச் செருப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாயல்குடி தாண்டி வேம்பார் வந்தால் தூத்துக்குடி மாவட்டம். அங்கே நடந்தது எங்களுக்குத் தொலைவில் நடந்த செய்தியே அல்ல. 2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தின் நூறாவது நாள். மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் போலீஸ் வேனின் மேல் ஏறித் துப்பாக்கியைக் குறி வைக்கும் காட்சி அன்று இரவே எங்கள் தெருவின் எல்லாக் கைப்பேசிகளுக்கும் வந்துவிட்டது. குண்டு பட்டு இறந்தவர்கள் 13 பேர். ஆறு நாள் கழித்து, மே 28 அன்று, ஆலையை மூட அரசாணை வந்தது. அந்தக் கையெழுத்தை ஆறு நாள் முன்னால் போட்டிருந்தால் அந்த 13 வீடுகளில் இன்று விளக்கு வேறு மாதிரி எரிந்திருக்கும்.

அதன் பிறகு டாக்கா, காத்மாண்டு. வங்கதேசத்தில் 2024 ஜூலை, ஆகஸ்டில் நடந்த போராட்டத்தில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. ரங்பூரில் இரண்டு கைகளையும் விரித்து நின்ற மாணவரைச் சுட்டது காணொளியாகவே இருக்கிறது. நேபாளத்தில் 2025 செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் 19 பேர். அவர்களில் பள்ளிச் சீருடையோடு வந்த பிள்ளைகளும் உண்டு.

நான் கேட்பது ஒன்றுதான். சுடு என்று சொல்வது யார்? அதைச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? சொன்னவர் பிறகு என்ன ஆகிறார்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். என் மகனுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

•

ஓய்வு_ஏட்டு

அம்மா, முப்பது வருடத்துக்கும் மேல் காக்கி போட்டவன் நான். எங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை முதலில் சொல்கிறேன். பிறகு நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

கூட்டத்தைக் கலைக்கும் கவாத்து என்று தனியாக ஒன்று உண்டு. முதலில் துணிப் பதாகையை விரித்துப் பிடிக்க வேண்டும்: கூட்டம் சட்டவிரோதமானது, கலைந்து செல்லுங்கள் என்று அதில் இருக்கும். ஒலிபெருக்கியிலும் அதையே சொல்ல வேண்டும், கலைந்து போக நேரமும் தர வேண்டும். அடுத்தது கண்ணீர்ப்புகை. அடுத்தது தடியடி. துப்பாக்கி அணி இவர்கள் எல்லோருக்கும் பின்னால்தான் நிற்கும். வேறு வழியே இல்லை என்று ஆன பிறகுதான் அது முன்னால் வரும். அப்போதும் அணி முழுவதும் சுடுவது கிடையாது. அதிகாரி ஒருவரைக் குறிப்பிட்டு, இன்னார் ஒரு ரவுண்டு என்று சொல்ல வேண்டும். குறி தாழ்ந்திருக்க வேண்டும், இடுப்புக்கு மேலே போகக் கூடாது. கூட்டம் திரும்பிவிட்டால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணி, கணக்கு எழுதி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கேள்வி வரும்.

இதில் ஒவ்வொரு படியும் கோபத்தை ஆற்றுவதற்காக வைத்தது. கூட்டத்தின் கோபத்தை மட்டும் அல்ல, எங்கள் கோபத்தையும். பதாகையைப் பிரித்துக் கட்டும் அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனையோ உயிர் தப்பியிருக்கிறது.

இனி நான் பார்த்தது. ஊர் பெயர் வேண்டாம், நிலையத்தின் பெயரும் வேண்டாம். ஒரு மாலை துப்பாக்கிச் சூடு நடந்தது. நான் சுடவில்லை, ஆனால் அங்கே இருந்தேன். பதாகை வேனுக்குள்ளேயே மடித்தபடி கிடந்தது. இரவு வெகுநேரம் கழித்து ஒரு துணை வட்டாட்சியரைக் கூட்டி வந்தார்கள். மாலையில் அவர்தான் உத்தரவிட்டார் என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அந்த நேரத்தில் அவர் அந்த ஊரிலேயே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினார். கை நடுங்கியது. மூடியைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டார், எழுந்து போய்விட்டார். மூடியைத் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அந்த நீல மூடி நெடுநாள் என் சட்டைப் பையில் கிடந்தது.

சுடச் சொன்னது யார் என்று கேட்டீர்கள். நான் நின்ற இடத்திலும் எனக்குத் தெரியாது. ஒரு குரல் வந்தது. எந்த வாயிலிருந்து வந்தது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

•

காவலர்_மகன்

ஏட்டையா எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் என் பக்கத்தையும் வைக்க வேண்டும்.

என் அப்பா பந்தோபஸ்துக்குப் போன ஓர் ஊரில் அவர் தலையில் கல் விழுந்தது. பன்னிரண்டு தையல். அன்று காலை நாலு மணியிலிருந்து நின்றவர், ஒரு பிஸ்கட் பொட்டலமும் ஒரு பாட்டில் தண்ணீரும்தான் ஆகாரம். நூறு பேர் ஆயிரம் பேரைப் பார்த்து நிற்கும்போது எவ்வளவு பயம் வரும் என்பது வீட்டில் உட்கார்ந்து காணொளி பார்ப்பவர்களுக்குப் புரியாது. வங்கதேசத்தில் அதே நாள்களில் போலீஸ்காரர்களும் கொல்லப்பட்டார்கள். 44 பேர் என்று அவர்கள் அரசே கணக்கு சொன்னது. நேபாளத்திலும் காவலர்கள் செத்தார்கள். ஒரு காவலரைச் சூழ்ந்துகொண்டு அடித்தே கொல்கிறார்கள் என்றால், அப்போதும் சுடக் கூடாதா? அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே?

•

கீழக்கரை_வாசகி

தம்பி, உங்கள் அப்பா நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன். சூழ்ந்துகொண்டு கொல்ல வருகிறவர்களிடமிருந்து உயிரைக் காப்பாற்றச் சுடுவதை நான் தவறு என்று எங்கும் எழுதவில்லை. ஓடுகிறவர் முதுகில் பாய்ந்த குண்டைப் பற்றித்தான் கேட்கிறேன்.

•

நீதிமன்ற_வாசல்

இராமநாதபுரத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். கீழக்கரை லாத்தா (அக்கா) கேட்டதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று எழுதுகிறேன்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவு. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி அமைதிக்குக் குந்தகம் வரும் என்றால் கலைந்து போகச் சொல்லலாம். சொல்லக்கூடியவர் நிர்வாக நடுவர், அதாவது நடைமுறையில் வட்டாட்சியர், கோட்டாட்சியர் போன்றவர்கள். அல்லது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி. அவர் இல்லாதபோது உதவி ஆய்வாளருக்குக் குறையாத அதிகாரி. கலையாவிட்டால் பலத்தைப் பயன்படுத்திக் கலைக்கலாம். அவ்வளவுதான். சுடலாம் என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. இராணுவத்தை அழைப்பதற்கான அடுத்த பிரிவில், கூட்டத்தைக் கலைக்கத் தேவையான மிகக் குறைந்த பலத்தையே பயன்படுத்த வேண்டும், உயிருக்கும் உடைமைக்கும் மிகக் குறைந்த சேதமே வர வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. போலீஸுக்கான பிரிவில் அந்த வரி கிடையாது. போலீஸுக்கு அது நிலையாணைகளிலும் (துறையின் உள் விதிகள்) பயிற்சியிலும்தான் இருக்கிறது. ஏட்டையா சொன்ன பதாகை, குறி தாழ்த்துதல் எல்லாம் அந்த வகை. நிலையாணையை மீறினால் துறை விசாரணை வரலாம். கொலை வழக்கு வர வேண்டுமானால் அதே சன்ஹிதாவின் 151ஆம் பிரிவின்படி அரசின் முன் அனுமதி வேண்டும். யாருடைய ஆட்சியில் சுட்டார்களோ அந்த அரசிடமே போய் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

1990இல் ஹவானாவில் ஐ.நா. மாநாடு ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகள், உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கொல்லும் நோக்கில் சுடலாம் என்கின்றன. காவலர்_மகன் தம்பியின் கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது: உங்கள் அப்பாவின் உயிருக்கு ஆபத்து என்றால் சுடலாம். கட்டடத்தைக் காக்கவோ, ஊர்வலத்தை மறிக்கவோ, அரசுக்கு வந்த கோபத்தைத் தீர்க்கவோ உயிரை எடுக்க முடியாது.

இனி தூத்துக்குடி. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் அறிக்கை கொடுத்தது, அக்டோபரில் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. முறையான எச்சரிக்கை இல்லை, படிப்படியான நடவடிக்கை இல்லை, ஓடிக்கொண்டிருந்தவர்களை மறைவிடத்திலிருந்து சுட்டார்கள் என்று அது எழுதியது. காவல் துறையினர் 17 பேர் மீதும் அப்போதைய மாவட்ட ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. முதல் தகவல் அறிக்கைகளில் சுட உத்தரவிட்டவர்கள் என்று யார் பெயர் இருந்தது தெரியுமா? துணை வட்டாட்சியர்களின் பெயர். ஏட்டையாவின் பேனா மூடியைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆணையம் என்பது 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைவது. உண்மையைக் கண்டு சொல்லலாம், தண்டிக்க முடியாது. அறிக்கையை ஏற்பதும் அலமாரியில் வைப்பதும் அரசின் விருப்பம்.

•

கண்மாய்க்கரை

நான் கடற்கரைக்காரன் அல்லன், முதுகுளத்தூர் பக்கம். ஆனாலும் ஒரே மாவட்டம். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் இருந்தால் இந்த இழையே பாதி உண்மையோடு நின்றுவிடும்.

தூத்துக்குடியைப் பேசுகிறோம், டாக்காவைப் பேசுகிறோம். நம் மாவட்டத்தில் நடந்ததை ஏன் யாரும் தொடவில்லை? தொட்டால் சாதி வந்துவிடும் என்ற பயம். நான் தொடுகிறேன்.

1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் தேவேந்திரர்களின் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 14 அன்று, கீழத்தூவலில் போலீஸ் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்கள் மறவர்கள். கைகளைக் கட்டி, கண்களைக் கட்டிச் சுட்டார்கள் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். 54 வருடம் கழித்து, 2011இல், அதே செப்டம்பர் 11. இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். தலைவர் ஒருவரைக் கைது செய்ததைக் கண்டித்துப் பரமக்குடி ஐந்து முனையில் மறியல் செய்தவர்கள்மேல் போலீஸ் சுட்டது. ஆறு பேர் செத்தார்கள். அவர்கள் தேவேந்திரர்கள். நீதிபதி சம்பத் ஆணையம் அந்தத் துப்பாக்கிச் சூட்டை நியாயம் என்று சொல்லிவிட்டது.

என் ஊரில் ஒரு தெருவில் 1957ஐப் பற்றிப் பேசுவார்கள். நாலு தெரு தள்ளி 2011ஐப் பற்றிப் பேசுவார்கள். இரண்டு தெருவிலும் படம் மாட்டியிருக்கிறது, மாலை போட்டிருக்கிறது. இந்தத் தெருக்காரர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை, அந்தத் தெருக்காரர் இந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. தன் ஆள் செத்தால் படுகொலை என்கிறார்கள், அடுத்த ஆள் செத்தால் சட்டம் ஒழுங்கு என்கிறார்கள். சுடச் சொன்னவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அவர் பெயரைக் கேட்க ஒரு சமயத்தில் பாதி ஊர்தான் வரும். மீதிப் பாதி வாயை மூடிக்கொண்டு நிற்கும், சில சமயம் உள்ளூர மகிழும்.

நானும் அப்படி நின்றவன்தான். 2011இல் என் வயது இருபத்தாறு. செய்தி வந்தபோது டீக்கடையில் இருந்தேன். "அவங்களுக்கு வேணும்" என்று ஒருவர் சொன்னார். நான் மறுக்கவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பதினைந்து வருடம் ஆகப் போகிறது, அந்த டீயை மறக்க முடியவில்லை.

•

தலைமன்னார்_திசை

வணக்கம். 2022இல் இலங்கையிலிருந்து குடும்பத்தோடு படகேறி அரிச்சல்முனைத் திட்டில் இறங்கி, மண்டபம் அகதி முகாமுக்கு வந்தவன் நான். அரிசிக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்று நின்று களைத்த பிறகு வந்தோம்.

நாங்கள் வந்த கொஞ்ச நாளில், அந்த ஏப்ரல் 19 அன்று, இலங்கையின் றம்புக்கனையில் பெட்ரோல் விலை ஏற்றத்தை எதிர்த்து ரயில் பாதையை மறித்த சனத்தின்மேல் பொலிஸ் சுட்டது. ஒருவர் இறந்தார். எரிபொருள் பவுசருக்கு (டேங்கர் லாரிக்கு) தீ வைக்கப் பார்த்தார்கள், அதனால் சுட்டோம் என்றார்கள். முகாமில் ஒரே தொலைபேசியைச் சுற்றி இருபது பேர் நின்று அந்தச் செய்தியைப் பார்த்தோம். இறந்தவர் சிங்களவர். என் பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர், போரில் இரண்டு பிள்ளைகளை இழந்தவர், "ஐயோ, அந்தப் பிள்ளையின்ர தாய்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கண்மாய்க்கரை அண்ணன் எழுதியதைப் படித்ததும் அந்த அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சம்பவத்தில் பொறுப்பாக இருந்த மூத்த பொலிஸ் அதிகாரி சில நாள்களிலேயே கைது செய்யப்பட்டார். எங்கள் நாட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. தமிழருக்கு நடந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒரு கைதும் கண்டதில்லை. ஆனால் செய்யலாம் என்று நினைத்தால் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. பிள்ளையின் செருப்பைப் பற்றி எழுதிய அக்காவுக்கு இதைச் சொல்ல நினைத்தேன்.

•

வலைக்காரன்_தங்கச்சிமடம்

லாத்தா, எங்களுக்குத் துப்பாக்கி என்றால் முதலில் கடல்தான் ஞாபகம் வரும். 2017 மார்ச் 6 இரவு கச்சத்தீவுப் பக்கம் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கழுத்தில் குண்டு பட்டுச் செத்தான். தாங்கள் சுடவே இல்லை என்று இலங்கைக் கடற்படை சொன்னது. சுட்டவர் யார் என்று சொல்லும்வரை அடக்கம் செய்ய மாட்டோம் என்று உடலை வாங்காமல் நாள்கணக்கில் உட்கார்ந்தோம். பந்தலில் பெண்கள் ராத்திரியும் பகலும் இருந்தார்கள். கடைசியில் பெயர் தெரியாமலேயே அடக்கம் செய்தோம்.

நான் அந்தப் பந்தலில் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். அந்த நாள்களில் எங்களைச் சுற்றிலும் போலீஸ் நின்றது. ஆத்திரத்துக்குக் குறைவே இல்லை. ஆனாலும் ஒரு தடி ஓங்கவில்லை. அதிகாரிகள் வந்து தரையில் உட்கார்ந்து பேசினார்கள், மறுபடி வந்து பேசினார்கள். பேசினால் கூட்டம் கலையும். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

என் யோசனை இது. செத்த பிறகு பெயர் கேட்டால் கிடைப்பதில்லை என்று இங்கே எல்லோரும் எழுதிவிட்டார்கள். அப்படியானால் முன்னாலேயே கேட்டால் என்ன? கூட்டத்துக்கு அனுமதி கேட்டு மனு கொடுக்கிறோம் அல்லவா, அவர்களும் ஆயிரம் நிபந்தனை எழுதித் தருகிறார்கள் அல்லவா? அன்றைக்குப் பொறுப்பில் இருக்கும் நிர்வாக நடுவர் யார், பலத்தைப் பயன்படுத்த உத்தரவிடும் அதிகாரி யார் என்று பெயரும் பதவியும் அந்தத் தாளிலேயே எழுதித் தரட்டும். அவர் கூட்டம் நடக்கும் இடத்தில் நிற்கட்டும். நாங்களும் எங்கள் பொறுப்பாளர் பெயரைத் தருகிறோமே.

•

நீதிமன்ற_வாசல்

வலைக்காரன் அண்ணன் சொன்னதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. கட்டாயப்படுத்தும் சட்டமும் இல்லை என்பதால் அவர்கள் மறுக்கலாம். மறுத்தால் அந்த மறுப்பையே எழுத்தில் வாங்கி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம். ஆனால் தனி ஆள் மனுவைவிட ஊரின் தீர்மானத்துக்கு வலு அதிகம். அக்டோபர் 2 கிராம சபை இருக்கிறது. இரண்டே வரி போதும்: ஒன்று, பெயரை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இரண்டு, இராணுவத்துக்கு எழுதியிருக்கும் மிகக் குறைந்த பலம் என்ற வரியைப் போலீஸுக்கான பிரிவிலும் சேர்க்க வேண்டும். வாசகத்தை நான் எழுதித் தருகிறேன், கட்டணம் கிடையாது.

•

காவலர்_மகன்

அப்பாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். பெயரை முன்னாலேயே எழுதுவது நல்லது என்றார். "இல்லாவிட்டால் எல்லாப் பழியும் தோட்டா எண்ணிக் கொடுத்தவன் தலையில்தான் விழும்" என்றார். இரண்டாவது வரியில் அவருக்கு உடன்பாடு இல்லை. நடைமுறையில் காவலர் தயங்கித் தயங்கியே அடிபடுவார் என்கிறார். அதில் நானும் அவர் பக்கம்தான். முதல் வரிக்கு என் கையெழுத்து உண்டு.

•

கண்மாய்க்கரை

எங்கள் ஊராட்சியில் இரண்டு தெருவும் ஒரே கிராம சபைக்குத்தான் வரும். ஆளுக்கொரு பக்கமாக உட்காருவார்கள். தீர்மானத்தில் 1957, 2011 என்ற இரண்டு ஆண்டும் அடுத்தடுத்து வர வேண்டும் என்று கேட்பேன். சண்டை வரும் என்று தெரியும். கேட்பேன்.

•

ஓய்வு_ஏட்டு

வழக்கறிஞர் ஐயா, அன்று இரவு நான் பார்த்ததை நாள், நேரம், ஊர் எல்லாம் போட்டு உறுதிமொழிப் பத்திரமாக எழுதிக் கொடுத்தால் எதற்காவது பயன்படுமா? அந்தத் துணை வட்டாட்சியர் இப்போது உயிரோடு இல்லை. அவர் வீட்டாருக்காவது தெரியட்டும், அவர் சொல்லவில்லை என்று.

•

நீதிமன்ற_வாசல்

பயன்படும் ஐயா. திங்கட்கிழமை காலை நீதிமன்ற வளாகத்துக்கு வாருங்கள், முத்திரைத்தாளை நான் வாங்கி வைக்கிறேன்.

•

கீழக்கரை_வாசகி

இரண்டு நாளாக இந்த இழையை மகனோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். தீர்மான வாசகத்தை வழக்கறிஞர் தம்பி அனுப்பியதும், கணினி தெரியாத ஊர்களுக்குக் கையால் எழுதிப் பிரதி எடுத்துத் தருவதாக அவன் சொல்கிறான். எழுத்து அழகாக இருக்கும். எந்தெந்த ஊருக்கு எத்தனை பிரதி வேண்டும் என்று எழுதுங்கள். தங்கச்சிமடத்துக்கு அவனே பஸ்ஸில் கொண்டு வருவான். கதவு திறந்துதான் இருக்கிறது.